சேவலின் வயிற்றில் 2,000 பெயர்கள்

காகித உள்ளாடை அணிந்துகொண்டு ஒரு மாதா கோவிலுக்குள் போயிருக்கிறீர்களா? நான் போனேன்! அதுவும் எந்தக் கோவில்? பாரிஸ் நகரத்து நோத்ர தாம். 2024 ஜனவரி. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். சேன் நதியின் நடுவே இருக்கும் தீவில், ஊர் உலகமெல்லாம் வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்க்கும் அந்தப் பேராலயத்தின் திருப்பணிக் களத்துக்குள் நுழைய, ஒரு சிறிய பத்திரிகைக் குழுவோடு எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. வாருங்கள், உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தலைக்கவசத்தை மட்டும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம் உடை மாற்றும் அறை. பேராலயத்தை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கன்டெய்னர் அறைகளை அடுக்கி ஒரு குட்டி ஊரே கட்டியிருக்கிறார்கள். அதில் ஓர் அறைக்குள் போனதும் கையில் ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்தால், வெள்ளை நிற முழு உடுப்பு. அதற்குள் மடித்து வைத்த காகித உள்ளாடை. நம் துணியில் ஒரு நூல்கூட அந்தப் பக்கம் போகக் கூடாதாம். சட்டை, பனியன், காலுறை எல்லாவற்றையும் இந்தப் பக்க அலமாரியில் பூட்டிவிட வேண்டும். தலைமைக் கட்டடக் கலைஞரானாலும் சரி, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனானாலும் சரி, எல்லோருக்கும் ஒரே சட்டம்.

எதற்கு இந்தக் கெடுபிடி? ஈயம்! பழைய கூரையிலும் கோபுர ஊசியிலும் வேய்ந்திருந்த ஈயத்தகடு 400 டன்னுக்கும் மேல். 2019-இல் கோவிலில் பிடித்த தீயில் அது உருகி ஓடியது, தூளாகி எல்லா இடுக்கிலும் படிந்தது. ஈயத்தூள் உடம்புக்குள் போனால் நஞ்சு. அதனால் களத்தைவிட்டு வெளியே வரும் ஒவ்வொரு முறையும் காகித உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, தலைமுடி உட்பட நன்றாகத் தேய்த்துக் குளித்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போனால் ஒரு குளியல். வீட்டுக்குக் கிளம்பினால் இன்னொரு குளியல். பாரிஸிலேயே எங்களை மாதிரி சுத்தமான ஆட்கள் கிடையாது என்று சொல்லிச் சிரித்தார், பக்கத்தில் காலணி மாட்டிக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரர். சோப்பில் வறண்டுபோன தன் கைகளை வேறு நீட்டிக் காட்டினார்.

அடுத்து லிஃப்ட். கம்பிக்கூண்டு அது; கடகடவென்று ஆட்டம் போட்டுக்கொண்டு சாரத்தின் ஓரமாக ஏறுகிறது. கூடவே இரண்டு தச்சர்கள், ஒரு மூட்டை மர ஆணி, காப்பி நிரப்பிய ஒரு ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கைக் கைக்குழந்தை கணக்காக அணைத்துப் பிடித்திருந்தார் ஒருவர். கீழே பாரிஸ் சுருங்கிக்கொண்டே போகிறது. நதி, பாலங்கள், சாம்பல் நிறத் துத்தநாகக் கூரைகள். நடுவே வேலிக்கு வெளியே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கூட்டம். நான் அவர்களைப் பார்த்துக் கையாட்டினேன். ஒரு சின்னப் பெண் திருப்பி ஆட்டினாள்!

லிஃப்ட் ஏறும் நேரத்தில் கொஞ்சம் கதை. 1163-ஆம் ஆண்டுவாக்கில் ஆயர் மொரீஸ் த சுல்லி காலத்தில் அடித்தளம் போட்ட கோவில் இது. அடிப்படை வேலைகள் முடியவே ஏறக்குறைய 200 ஆண்டுகள் பிடித்தன. கல் வைத்த கொத்தனாரின் பேரனுக்குப் பேரனும் இங்கே கல் வைத்திருக்கலாம். பிரெஞ்சுப் புரட்சியின்போது பெரும் அடி விழுந்தது. முகப்பில் வரிசையாக நின்ற 28 அரசர் சிலைகள் விவிலியத்து யூதேய அரசர்களுடையவை. புரட்சிக் கூட்டம் அவர்களைப் பிரான்சின் அரசர்கள் என்று நினைத்து 1793-இல் தலையைச் சீவிவிட்டது. அந்தத் தலைகளில் 21, 1977-இல், ஒரு வங்கிக் கட்டடத்தின் வேலைக்காகத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வரிசையாக வெளியே வந்தன! இன்று க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

புரட்சிக்குப் பிறகு கோவில் பாழடைந்து கிடந்தது. 1831-இல் விக்தர் ஹ்யூகோ இந்தக் கோவிலையே கதாநாயகியாக்கி ஒரு நாவல் எழுதினார். ஊர் விழித்துக்கொண்டது. 1844-இல் லாசுஸ், வியோலே-ல-துக் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் திருப்பணியை ஏற்றார்கள். லாசுஸ் நடுவிலேயே இறந்துபோக, வியோலே-ல-துக் தனியாக நின்று 1864-இல் வேலையை முடித்தார். வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் அந்த ஊசிக் கோபுரம் அவர் கைவண்ணம்தான், 1859-இல் எழுந்தது. உயரம் 96 மீட்டர்.

பிறகு 2019 ஏப்ரல் 15. புனித வாரத்துத் திங்கட்கிழமை. மாலைத் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போது எச்சரிக்கை ஒலித்தது. இரவு 8 மணிக்குச் சற்று முன் ஊசிக் கோபுரம் ஒடிந்து, கல் மச்சைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. தெருவில் நின்றவர்கள் முழந்தாளிட்டுப் பாடினார்கள். தீயணைப்பு வீரர்கள் மணிகள் தொங்கும் வடக்குக் கோபுரத்துக்குள் புகுந்து தீயை மறித்தார்கள். இயேசுவுடையதாகப் போற்றும் முள்முடியையும் மற்ற அரும்பொருள்களையும் வெளியே எடுத்து வந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. திருவுடை அறையின் கூரைமேல் வைத்திருந்த மூன்று தேன்கூட்டுப் பெட்டிகளில் இருந்த தேனீக்களும் பிழைத்துக்கொண்டன!

டங்! லிஃப்ட் நின்றுவிட்டது. இறங்குங்கள். தலை குனிந்து.

ஐயோ, இந்த வாசனை! அப்போதுதான் பிளந்த மரத்தின் துவர்ப்பு வாசனை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரம், மரம், மரம். தேன் நிறத்தில் உத்தரங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன. பழைய கூரைச் சட்டத்துக்குக் காலம்காலமாக ஒரே பெயர்தான்: காடு. அந்தக் காடு எரிந்துபோனது. இது புதுக் காடு. பீடப் பகுதிக்கு மேலே சட்டம் முழுவதும் ஏறிவிட்டது, நடுக்கூடத்துக்கு மேலே இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு பளு தூக்கி மரச்சட்டம் ஒன்றை அசைந்தாடி இறக்க, கீழே நின்றவர் இரண்டு விரலை மட்டும் ஆட்டி ஆட்டி அதை மில்லிமீட்டர் கணக்கில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் ஒரு கூவல். துளையில் மர ஆணியை வைத்து ஓங்கி ஒரு போடு. அவ்வளவுதான், அடுத்த 800 ஆண்டுக்கு அது அங்கேதான்.

ஓர் உத்தரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், எங்களை அழைத்துப் போன பெண் பொறியாளர். தொட்டேன். இழைத்த வழவழப்பு இல்லை. அலை அலையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். கோடரி பட்ட தடம்! நடுக்கூடத்துக்கும் பீடப் பகுதிக்குமான மரங்களைப் பிரான்சின் தச்சர்கள் கோடரியால் செதுக்கியிருக்கிறார்கள், இடைக்காலத்து முன்னோர்கள் செய்த அதே முறையில். அதற்கான கோடரிகளை அல்சாஸ் பகுதிக் கொல்லர்கள் பழைய தடங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் அடித்துக் கொடுத்தார்கள். மரமும் உலரப்போட்ட மரம் இல்லை. வெட்டிய ஈரம் காயாத பச்சை ஓக் மரம். நாரின் போக்கைப் பார்த்து, மரம் எப்படி வளைந்ததோ அப்படியே விட்டுச் செதுக்க வேண்டும். ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துவிடும். கோடரி நாரோடு ஒத்துப்போகும். அதனால்தான் உறுதி.

மொத்தம் ஏறக்குறைய 2,000 ஓக் மரங்கள். ஊசிக் கோபுரத்துக்கான நெடுமரங்களில் சில பெர்ஸே காட்டிலிருந்து வந்தவை. 200 வயதைத் தாண்டியவை. நாடு முழுக்க அரசுக் காடுகளும் தனியார் தோப்புகளும் மரம் கொடுத்தன. தன் தாத்தாவின் தாத்தா நட்ட மரத்தைக் கோவிலுக்குத் தருவதென்றால் ஒரு குடும்பத்துக்கு எப்படி இருக்கும்! யோசிக்கும்போதே எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்தக் காடு அப்படியே திரும்பி வந்ததற்குப் பின்னால் ஓர் அதிசயம் இருக்கிறது. தீ விபத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ரெமி ஃப்ரொமோன், செத்ரிக் த்ரான்தெஸோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் இந்தக் கூரைக்குள் ஏறி, தூசியில் தவழ்ந்து, ஒவ்வொரு உத்தரத்தையும் அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் லேசர் கருவியைக் கொண்டு கோவில் முழுவதையும் அளந்து வைத்திருந்தார். 2018-இல் மறைந்த அவர் தன் வேலை எப்படிப் பயன்படப் போகிறது என்பதைப் பார்க்கவே இல்லை.

ஆனாலும் கையால் செய்வது இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 'எல்லைகள் இல்லாத தச்சர்கள்' என்ற அமைப்பினர் பேசிக்கொண்டிருக்கவில்லை. 2020 கோடையில் பழைய சட்டங்களில் ஒன்றைக் கோடரியும் உளியும் கொண்டே அச்சு அசலாகச் செய்தார்கள். செப்டம்பரில் அதைக் கொண்டுவந்து இதே கோவில் வாசலில் மக்கள் முன்னால், கயிறு கட்டி, கையால் இழுத்து நிமிர்த்திக் காட்டினார்கள். கேள்வி முடிந்தது!

சட்டத்தின் மூலையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். கழற்றிப் போட்ட கம்பளிக் கையுறை ஒற்றை. பென்சில் துண்டுகள். ஆரஞ்சுத் தோல். பாதி கடித்த சாக்லேட். ஒரு மரத்துண்டின்மேல் யாரோ பென்சிலால் சக தச்சரின் மூக்கை நீளமாக வரைந்திருந்தார்கள். மூக்குக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று, வரைந்தவரைக் கண்டுபிடிக்கும் வரை விடமாட்டேன் என்று விரலை ஆட்டினார். குளிரில் எல்லோர் வாயிலிருந்தும் புகை வருகிறது. ஆனால் கோடரியும் சுத்தியலும் பிடித்தவர்களின் நெற்றியில் வியர்வை. தச்சர்களில் பெண்களும் உண்டு. ஒருத்தி தன் உயரத்துக்கு இருமடங்கு நீளமுள்ள உத்தரத்தின்மேல் குதிரை ஏறுவதுபோல உட்கார்ந்து உளியடித்துக்கொண்டிருந்தாள். புகைப்படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். இந்த ஆணி முடியட்டும் என்று சைகையிலேயே பதில் வந்தது. ஆணி முடிந்தது, அடுத்த ஆணி தொடங்கியது. படம் எடுக்கவே இல்லை.

சட்டம் முடிந்தால் உச்சியில் ஒரு பூங்கொத்தைக் கட்டுவது இந்த ஊர்த் தச்சர்களின் பழக்கம். பீடப் பகுதியின் சட்டத்துக்கு அந்த மாதத்தில்தான் கட்டினார்கள். கட்டிய அன்று தச்சர்கள் முகத்தில் இருந்த பூரிப்பைச் சொல்லி மாளாது என்றார் பொறியாளர். சொல்லும்போது அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

இனி ஊசிக் கோபுரம். மேலே, இன்னும் மேலே! 100 மீட்டர் உயரச் சாரத்துக்குள் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. அடிப்பகுதியிலிருக்கும் கனமான மரத் தாங்கியைத் தச்சர்கள் 'முக்காலி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அந்த முக்காலியை முதலில் லொரேன் பகுதியில் ஒரு கொட்டகையில் முழுதாகக் கோத்துப் பார்த்து, சரியென்றதும் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து மறுபடி கோத்தார்களாம். அங்கே பொருந்தியது இங்கே பொருந்துமா என்று முதல் மரம் இறங்கும்வரை ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

உச்சியில் ஒரு சேவல். தங்கப் பூச்சுப் பூசிய செப்புச் சேவல். சிறகுகள் தீ நாக்குகளாக எழும்புகின்றன. தலைமைக் கட்டடக் கலைஞர் பிலிப் வில்நெவ் வடிவமைத்தது. பழைய சேவல் தீயில் கோபுரத்தோடு விழுந்து, மறுநாள் இடிபாட்டுக்குள் நசுங்கி ஆனால் உருகாமல் கிடைத்தது. புதுச் சேவலைப் பாரிஸ் பேராயர் லோரான் உல்ரிக் ஆசீர்வதிக்க, 2023 டிசம்பர் 16-இல் பளு தூக்கி மேலே ஏற்றியது. அதன் வயிற்றுக்குள் புனிதர்களின் திருப்பண்டங்களும் முள்முடியின் ஒரு முள்ளும் இருக்கின்றன. அவற்றோடு ஒரு சுருள். அதில் இந்தத் திருப்பணியில் கைவைத்த ஏறக்குறைய 2,000 பேரின் பெயர்கள். தச்சர், கொத்தனார், கொல்லர், சாரம் கட்டியவர், கண்ணாடி துடைத்தவர், அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்!

இதைக் கேள்விப்பட்டதிலிருந்து களத்தில் யாரைப் பார்த்தாலும் நான் கேட்ட ஒரே கேள்வி, உங்கள் பெயர் உள்ளே இருக்கிறதா என்பதுதான். ஒவ்வொருவரும் மேலே கையைக் காட்டினார்கள். ஈயத்தகடு தட்டிக்கொண்டிருந்த ஒரு கூரைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்துவிட்டு, அப்புறம்தான் மேலே காட்டினார்.

வில்நெவ் பற்றி ஒன்று. எரிந்துபோன ஊசிக் கோபுரத்தை அவர் தன் முன்கையில் பச்சை குத்திக்கொண்டிருக்கிறார்! கோபுரம் மரத்திலும் ஈயத்திலும் திரும்பி வருவதற்கு முன்பே அவர் தோலில் எழுந்துவிட்டது. இன்னொருவரையும் இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். ழான்-லூயி ஜார்ஜ்லான், பிரான்சின் முன்னாள் முப்படைத் தளபதி. ஐந்தாண்டில் முடிக்க வேண்டும் என்ற கெடுவைத் தோளில் சுமந்து இந்தத் திருப்பணியை நடத்தியவர். 2023 ஆகஸ்டில் பிரெனே மலையில் நடைபோகும்போது இறந்துபோனார். தச்சர்கள் அவர் பெயரைக் கோபுரத்து மரத்தில் செதுக்கிவிட்டார்கள். பொறுப்பு பிலிப் ழோஸ்த் கைக்குப் போனது; வேலை நிற்கவில்லை.

பசிக்கிறதா? குளித்துவிட்டு வாருங்கள், சாப்பாட்டு அறை. கன்டெய்னர் அடுக்கில் நீளமான மேசைகள். ஈரத்தலையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ரொட்டி, வெண்ணெய்க்கட்டி, ஆவி பறக்கும் சூப். கல் வேலைக்காரர்கள் ஒரு மேசை, தச்சர்கள் ஒரு மேசை, நடுவில் நடக்கும் சண்டை எந்நாளும் ஒன்றுதான்: கோவிலைத் தாங்குவது கல்லா, மரமா? கல்காரர்கள் ஓர் ஆதாரம் வைத்திருக்கிறார்கள். கோபுரமே விழுந்தும் மச்சின் பெரும்பகுதி நின்றதே, அது யார் வேலை என்கிறார்கள். இரும்புக்காரர் ஒருவர் அமைதியாக ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, இரண்டும் இல்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தீக்குப் பிறகு ஆராய்ந்தவர்கள், கற்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இரும்புப் பற்றுகள் சுவருக்குள்ளே ஏராளமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டிலேயே இப்படி இரும்பைத் தாராளமாகப் பயன்படுத்தியதாகத் தெரியவந்துள்ள முதல் கோதிக் பேராலயம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு.

சாரம் கட்டுகிறவர்கள் மேசையில்தான் திகில் கதை. தீ பிடித்த அன்று கோபுரத்தைச் சுற்றி ஏற்கெனவே ஒரு சாரம் இருந்தது. சூட்டில் அதன் 40,000 குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டி, முறுக்கி, சிக்கலாகி, கோவிலின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு குழாய் சரிந்தாலும் மச்சு கீழே வந்துவிடும். 2020-இல் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் ஆட்களை இறக்கினார்கள். அவர்களுக்கு 'அணில்கள்' என்று பெயர். அணில்கள் மாதக்கணக்கில் கயிற்றில் ஆடியபடியே ஒவ்வொரு குழாயாக அறுத்தெடுத்தார்கள். நவம்பரில் கடைசிக் குழாய் இறங்கியது. அதுவரை வெளியே 28 பறக்கும் தாங்குசுவர்களுக்கும் அடியில் மரச்சட்டம் கொடுத்து, கோவிலைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அப்புறம்தான் திருப்பணி என்ற பேச்சையே எடுக்க முடிந்தது.

மறுபடி காகிதம், மறுபடி தலைக்கவசம். இப்போது கோவிலின் உள்ளே.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். நோத்ர தாம் என்றால் இருட்டு, புகை, மெழுகுவர்த்திக் கரி என்றுதானே படங்களில் பார்த்திருக்கிறோம்? சுவர் வெண்ணெய் நிறத்தில் மின்னுகிறது! 42,000 சதுர மீட்டர் கல் பரப்பையும் துடைத்தெடுத்திருக்கிறார்கள். எப்படி? தண்ணீர் அடித்தால் ஈயம் கல்லுக்குள் ஊறிவிடும். அதனால் ரப்பர்ப் பசையைச் சுவரில் தெளித்து, காயவிட்டு, ஆறிய பாலின் ஏட்டை எடுப்பதுபோல மெல்ல உரித்தெடுத்தார்கள். ஏட்டோடு 150 ஆண்டுக் கரியும் ஈயத்தூளும் வந்துவிடும். அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. இரண்டடி அகலத் தோலை ஒரே இழுப்பில், கிழியாமல் உரிப்பதில் ஆட்களுக்குள் போட்டி நடக்குமாம்.

சிற்றாலயங்களில் சுவரோவியம் பளிச்சென்று நீலமும் சிவப்பும் பொன்னுமாகத் திரும்பியிருக்கிறது. ஒரு பெண் மல்லாந்து படுத்தபடி, பஞ்சுக் குச்சியால் ஒரு நட்சத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் பாட்டு ஓடுகிறது போலும். கால் கட்டைவிரல் தாளம் போடுகிறது. மூன்று பெரிய ரோஜாச் சாளரங்களும் தீயில் தப்பியவை. மேல்வரிசைக் கண்ணாடிகளைக் கழற்றிப் பட்டறைகளுக்கு அனுப்பித் துடைத்தார்கள். நான்கு சாளரங்கள் ஜெர்மனியின் கொலோன் பேராலயப் பட்டறைக்கே போய் வந்தன. வடக்குக் கோபுரத்தின் எட்டு மணிகளும் அப்போது ஊரில் இல்லை. நார்மண்டியில் வில்தியே என்ற ஊரின் வார்ப்புப் பட்டறையில் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் மொரீஸ். அடித்தளம் போட்ட அதே ஆயரின் பெயர்!

திரும்பி மேற்கே அண்ணாந்து பாருங்கள், பேரிசைக்கருவி. ஏறக்குறைய 8,000 குழல்கள் கொண்ட ஆர்கன். தீ அதைத் தொடவில்லை. ஈயத்தூள் மட்டும் உள்ளே போய்விட்டது. அதனால் குழல் குழலாகப் பிரித்து, பெட்டி பெட்டியாகத் தெற்கே பட்டறைகளுக்கு அனுப்பி, துடைத்து, திரும்பக் கொண்டுவந்து கோத்தார்கள். ஆளை விழுங்கும் உயரத்தில் சில குழல்கள். சுண்டுவிரல் அளவில் சில. அதற்குச் சுருதி சேர்ப்பதுதான் கடைசிச் சோதனை. பகலில் சுத்தியல், ரம்பம், பளு தூக்கி என்று காது கிழிகிறது. சுருதி எப்படிப் பிடிபடும்? அதனால் எல்லோரும் போனபின், இரவில்தான் அந்த வேலை. ஒருவர் விசைப்பலகையில் ஒரே சுவரத்தைப் பிடித்தபடி உட்கார, இன்னொருவர் குழல்களுக்கு நடுவே நுழைந்து ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு தட்டிச் சரிசெய்ய, மாதக்கணக்கில் அந்த இரவுகள் நடந்தன.

களத்திலிருந்து வெளியே வந்ததும் நேரே ட்ரோகதேரோ பக்கம் ஓடினேன். அங்கே இருக்கும் கட்டடக் கலை அருங்காட்சியகத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் காத்திருந்தார். ஆம், நம் ஊர்க்காரர்தான்! ஊசிக் கோபுரத்தின் அடியில் 12 திருத்தூதர்களும் 4 நற்செய்தியாளர் சின்னங்களுமாகச் செப்புச் சிலைகள் 16 உண்டு. சீரமைப்பதற்காக அவற்றைப் பளு தூக்கி கொண்டு இறக்கியது 2019 ஏப்ரல் 11-இல். தீ வந்தது ஏப்ரல் 15-இல். நான்கே நாள் இடைவெளியில் பதினாறு பேரும் தப்பினார்கள்.

அந்தப் பன்னிருவரில் ஒருவர் புனித தோமையார். மயிலாப்பூரில் சாந்தோம் ஆலயத்தில் யாருடைய கல்லறை இருப்பதாகக் காலம்காலமாக நம்பி மக்கள் வணங்குகிறார்களோ, அதே தோமையார். இந்தியாவுக்கு ஓர் அரசனின் மாளிகையைக் கட்ட வந்தவர் என்பது பழைய மரபுக் கதை. அதனால்தான் அவர் கட்டடக் கலைஞர்களுக்குப் பாதுகாவலர், கையில் அளவுகோல். வியோலே-ல-துக் அந்தத் தோமையாருக்குத் தன் முகத்தையே வைத்துவிட்டார்! மற்றத் தூதர்கள் எல்லோரும் பாரிஸ் நகரத்தைப் பார்த்து நிற்க, தோமையார் மட்டும் திரும்பி நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். கட்டியவர் தான் கட்டியதையே பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு நிற்பு. தரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? எனக்கோ அவர் தாடியின் சுருள்வரை தெரிகிற தூரத்தில் நிற்கக் கிடைத்தது.

2024 டிசம்பர் 7. தீயில் பிழைத்த உத்தர மரத்தில் செய்த செங்கோலால் பேராயர் உல்ரிக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. அவர் எட்டு முறை அழைக்க, எட்டு முறையும் ஆர்கன் விழித்துப் பதில் சொன்னது. தீயணைப்பு வீரர்களும் திருப்பணிக்காரர்களும் உள்ளே வந்தபோது கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், தட்டி ஓயவில்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நான், ஈரத்தலைகளையும் ஆரஞ்சுத் தோலையும் நினைத்துக்கொண்டு வீட்டிலேயே எழுந்து நின்று தட்டினேன். 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் தந்த 846 மில்லியன் யூரோ, 250 நிறுவனங்களும் பட்டறைகளும், ஐந்தரை ஆண்டு உழைப்பு, எல்லாம் அந்தக் கைதட்டலில் சேர்ந்துகொண்டன.

இப்போது நீங்கள் போனால் அந்தக் காட்டைப் பார்க்க முடியாது. கீழே கல் மச்சு மறைக்கிறது. மேலே ஈயக் கூரை மறைக்கிறது. கோடரித் தடம் பதித்த ஒவ்வொரு உத்தரமும் இருட்டுக்குள் போய்விட்டது. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே, இயந்திரத்தில் அறுத்துப் போட்டிருந்தாலும் எவரும் குறை சொல்லப் போவதில்லை என்று தெரிந்தே, கையால் செதுக்கினார்கள். இந்த வேலையின் பாதிப் பெருமை அது கண்ணில் படாமல் போவதில்தான் இருக்கிறது. கோவில் பழையபடி இருக்கிறது என்று மக்கள் சொல்லிவிட்டால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். நான் அந்தக் களத்தில் கற்றுக்கொண்ட ஒன்று இதுதான்: நல்ல வேலைக்காரர் வேலையைப் பார்ப்பவருக்காகச் செய்வதில்லை, வேலைக்காகவே செய்கிறார்.

ஆகவே பாரிஸ் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். உள்ளே நிற்கும்போது உங்கள் பக்கத்தில் யாராவது, அட, ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கிறதே என்று வியந்தால், அவர் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். தலைக்கு மேலே 2,000 மரங்கள் நிற்பதைச் சொல்லுங்கள். அணில்களைச் சொல்லுங்கள், இரவில் சுருதி சேர்த்தவர்களைச் சொல்லுங்கள். வெளியே கூட்டிப்போய் உச்சியில் மின்னும் சேவலைக் காட்டி, இதை யார் செய்தார்கள் என்று கேட்டால் பட்டியல் அதோ அங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்!